இரண்டாவது லோடில் போன பை

பக்கத்து மனையில் கட்டி முடித்த வீட்டுக்கு இன்று காலை ஆட்கள் குடிவந்தார்கள். கார்த்திகை மழை விடாமல் பெய்துகொண்டிருக்கிறது. அந்த வீட்டுச் சுவரில் அடித்த வெள்ளை இன்னும் காயவில்லை. அவர்கள் கதவைத் திறந்ததும் ஈரச் சுண்ணாம்பு வாசனை நம் கூடத்துக்குள் வந்துவிட்டது. எழுந்து போய் சன்னலைச் சாத்தினேன். சாத்திய பிறகுதான், சாத்த வேண்டிய அவசியம் இப்போது இல்லை என்பது நினைவுக்கு வந்தது. இந்த வீட்டில் அந்த வாசனை ஒத்துக்கொள்ளாத ஆள் நீ ஒருத்திதான். நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது.

தார்ப்பாய் போட்ட வண்டியிலிருந்து அந்த வீட்டுப் பெண் முதலில் இறங்கினாள். புடவைத் தலைப்பைத் தலைமேல் போட்டுக்கொண்டு, சாமி படத்தை மார்போடு அணைத்தபடி ஓடினாள். அவள் பின்னாலேயே அரிசி போனது, உப்பு போனது, பால் பாத்திரம் போனது. நான் வாசலில் நின்று பார்த்தேன். வீட்டில் யாருக்காவது மருந்து மாத்திரை உண்டா, அது எந்த வண்டியில் இருக்கிறது என்று கேட்டுவிட வேண்டும்போல் இருந்தது. கேட்கவில்லை. பால் காய்ச்சப் போகிறவர்களிடம் மருந்தைப் பற்றி விசாரிக்கிற பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

நாம் குடிவந்த நாளைப் பற்றி உனக்கு எழுத வேண்டியதில்லைதான். நீயும் அங்கே இருந்தாய். ஆனால் ஓடைக்கு நீ அந்தக் கரையில் இருந்தாய், நான் இந்தக் கரையில். என் பக்கத்தில் நடந்ததை நான் உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை.

அப்போது கள்ளக்குறிச்சியில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரருடைய மகனுக்குத் தையில் கல்யாணம். கார்த்திகைக்குள் காலி செய்து கொடுக்கச் சொல்லிவிட்டார். ஓடையைத் தாண்டி நாம் கட்டிய இந்த வீடோ அரைகுறையாக நின்றது. குளியலறைக்குக் கதவு இல்லை. உள்சுவரில் வெள்ளை அடித்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. மார்கழியில் யாரும் புது வீட்டுக்குக் குடிபோக மாட்டார்கள். காலண்டரில் நல்ல நாள் என்று மிச்சம் இருந்தது ஒரே ஒரு வியாழக்கிழமை. கடலில் தாழ்வு மண்டலம் உருவாகியிருந்தது. நீர்நிலைகளின் பக்கம் யாரும் போக வேண்டாம் என்ற எச்சரிக்கைச் செய்தியை முந்தின நாள் பேப்பருக்கு நான்தான் எழுதி அனுப்பினேன்.

"அடுத்த வாரம் பாத்துக்கலாமே, மழ கொஞ்சம் வுடட்டும்" என்றேன்.

"அடுத்த வாரம் மார்கழி பொறந்துடும்."

"பொறந்தா இன்னா? வூடு நம்மள உள்ள வுடாதா?"

"உங்களுக்கு எல்லாமே கிண்டல். இத்தினி வருசம் வாடக வூட்டுல உங்க இஷ்டத்துக்கு இருந்தாச்சு. சொந்த வூட்டுக்குப் போற அன்னிக்காவது நான் சொல்றது நடக்கட்டும்."

வியாழக்கிழமைக்கே வண்டி சொன்னேன். நாள் நட்சத்திரம் பார்க்காத ஆள் என்று ஊரில் எனக்குப் பெயர். அந்தப் பெயரை நான் கொஞ்சம் ரசித்தும் வந்தேன். உனக்கு விட்டுக்கொடுத்ததாக மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டேன்.

உனக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. மழைக்காலத்தில் கூடும், தூசியிலும் சுண்ணாம்பிலும் கூடும். வாயில் வைத்து அழுத்தி உள்ளே இழுக்கிற மருந்தை நீ பம்பு என்பாய். அந்தப் பம்பு, மாத்திரைகள், டாக்டர் சீட்டு எல்லாம் ஒரு நீலத் துணிப்பையில் இருக்கும். கடைத்தெருவுக்குப் போனாலும் அந்தப் பை உன் தோளில் தொங்கும். சத்துணவு அமைப்பாளராக இருபது வருடம் முட்டை எண்ணியவள் நீ. நீ ஒரு பொருளை வைக்க வேண்டிய இடத்தில் வைக்காமல் விட்டதை நான் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை காலையில் அட்டைப்பெட்டிகளில் சாக்பீஸால் நீ எண் போட்டாய். ஒன்று என்றால் முதல் லோடு, இரண்டு என்றால் அடுத்த லோடு. முதல் லோடில் சாமி படங்கள், குத்துவிளக்கு, அரிசி, உப்பு, மஞ்சள், அடுப்பு, பால். மீதிச் சாமான் எல்லாம் இரண்டில். உன் தம்பி சேகர் விடியற்காலையிலேயே வந்துவிட்டான். குட்டியானை வண்டி பாபுவுடையது. மழையில் நனைந்த கட்டில் கால்களைத் தூக்கும்போது சேகர் உன்னைச் சீண்டிக்கொண்டே இருந்தான்.

"யக்கா, மாமாவுக்கு நம்பர் போடல. ஒண்ணா, ரெண்டா?"

"அவுரு ரெண்டு. அவசரமில்லாத சாமான்."

பத்தேகாலுக்கு முதல் லோடு ஏற்றி முடிந்தது. வண்டியின் முன் சீட்டில் சாமி படங்களும் விளக்கும் இருந்தன. அவற்றின் மேல் நீலப் பை. நிறைகுடம் எடுத்து வர நீ உள்ளே போனாய். சேகரும் பாபுவும் பின்பக்கம் தார்ப்பாய் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பையைப் பார்த்தேன்.

நான் பிறந்த களமருதூரில், குடிபோகிற அன்று மருந்தைக் கடைசியில்தான் கொண்டுபோவார்கள். மஞ்சளும் உப்பும் போகிற வண்டியில் மருந்து போகக் கூடாது. போனால் நோயும் கூடவே வாசல்படி தாண்டிவிடும் என்பார்கள். இதை நம்புகிறாயா என்று அந்த நிமிடத்தில் யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் கை போய்விட்டது. பையை எடுத்தேன், வராந்தாவில் இருந்த இரண்டாம் எண் பெட்டி ஒன்றுக்குள் போர்வைக்கு மேலே வைத்தேன், மூடினேன். ஒரு மணி நேரத்தில் அடுத்த லோடு போய்விடும் என்று எண்ணிக்கொண்டேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் இந்த ஆளுக்கா இந்த நம்பிக்கை என்று நீ கேட்பாய். அந்த வெட்கம்தான் காரணம். வேறு காரணம் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

நீ குடத்தோடு வெளியே வந்தாய். வண்டியில் ஏறாமல் மேற்கே மலைப் பக்கம் பார்த்தாய்.

"மல தெரியல பாருங்க."

"மழ பெஞ்சா மல எங்க தெரியும்?"

"அது இல்லீங்க. மூணு நாளா பெஞ்சிக்கினு இருக்குது. நேத்துகூட அடிவாரம் தெரிஞ்சுது. இன்னிக்கு அடியோட காணோம். மேல ஜாஸ்தி கொட்டுது. ஓட வந்துரும்."

"அணைக்குப் போன் பண்ணிட்டேன். இன்னிக்குத் தண்ணி தொறக்கல."

"அண தொறக்கறதுக்கும் நம்ம ஓடைக்கும் இன்னா சம்பந்தம்?"

"நான் எத்தினி வருசமா வெள்ளச் செய்தி எழுதறேன், எனக்குத் தெரியாதா?"

நீ என்னைப் பார்த்துவிட்டு ஏறினாய். கல்வராயன் மலையின் காலடியில் பிறந்தவள் நீ. அணைக்குக் கீழே சேருகிற ஓடைகளுக்கு மதகு கிடையாது, மலையில் கொட்டுவது நேராக வந்துவிடும் என்று எனக்கும் தெரியும். எழுதியும் இருக்கிறேன். அன்று அணையைக் கேட்டேன், மலையில் ஒருவரையும் கேட்கவில்லை.

பதினொன்று இருபதுக்குப் போன் செய்தாய். என் கை ஈரமாக இருந்ததால் சேகர்தான் ஸ்பீக்கரில் போட்டான்.

"பால் பொங்கிருச்சுங்க! கெழக்கால பொங்கிச்சு!"

அந்தக் குரலில் அத்தனை சந்தோஷத்தை நான் அதிகம் கேட்டதில்லை. அடுத்த வார்த்தைக்கு முன் இருமினாய்.

"இன்னாக்கா இருமற?" என்றான் சேகர்.

"வெள்ள அடிச்ச வாசன. சன்னலத் தொறந்தா சாரல் அடிக்குது. சரி, பையக் காணோம். அங்க இருக்குதா பாருங்க."

"இங்கதான் இருக்குது" என்றேன் நான். "ரெண்டாவது லோடுல."

நீ மறுபடி இருமுவது கேட்டது.

"சரி" என்றாய். "நான்தான் மறந்து வெச்சுட்டேன்போல. வண்டிய அனுப்பறேன்."

சேகர் என்னைப் பார்த்து, "அக்காவா மறந்துது?" என்றான். நான் பெட்டியைத் திறந்து பையை வெளியே எடுத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

இருபது நிமிடத்தில் பாபு கூப்பிட்டான். "சார், ஓட வந்துருச்சு. தரப்பாலமே தெரியல. வண்டிய வுட முடியாம வூட்டுக்கே திரும்பி வந்துட்டேன். அக்காவுக்கு இழுக்குது சார், சத்தம் வெளிய கேக்குது."

சேகருடைய பைக்கில் நானும் அவனும் கிளம்பினோம். பையை நான் சட்டைக்குள் வைத்து அணைத்துக்கொண்டேன். போகும் வழியிலேயே ஆம்புலன்சுக்குப் பேசினேன். அவர்கள் சின்னசேலம் பக்கமாகச் சுற்றித்தான் வர வேண்டும். அந்தச் சாலையில் புளியமரம் சாய்ந்து கிடக்கிறது, அறுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற செய்தி எனக்கே காலையில் வந்திருந்தது. எல்லாச் செய்தியும் எனக்கு வந்திருந்தது.

ஓடைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு பத்து. கரையில் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். செம்மண் தண்ணீர் தரைப்பாலத்தின் மேல் புரண்டு போனது. ஓரத்தில் நட்ட கற்களின் தலை மட்டும் தெரிந்தது. வேரோடு பிடுங்கிய மூங்கில் தூர் ஒன்று உருண்டு வந்தது. அது மலையிலிருந்துதான் வரும். அதைப் பார்த்ததும் நீ காலையில் கேட்ட கேள்வி எனக்குத் திரும்பக் கேட்டது.

அந்தக் கரையில் பாபு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். முன் கதவு திறந்திருந்தது. நீ சீட்டின் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, முன்னால் சாய்ந்திருந்தாய். இடையில் எழுபது அடி இருக்கும். உன் முகம் சரியாகத் தெரியவில்லை. தோள்கள் தெரிந்தன. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின. போன் செய்தேன். பாபு எடுத்தான்.

"அக்காவால பேச முடியல சார். ஒதடு ஒரு மாதிரியா இருக்குது."

கூட்டத்தில் ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "இன்னா பேப்பர்காரரே, தண்ணிகிட்ட போவாதீங்கன்னு நீங்கதான போட்டிருந்தீங்க? நீங்களே வந்து நிக்கறீங்க?"

"அவரு பொஞ்சாதிய்யா அங்க இருக்கறது" என்றார் இன்னொருவர். "வாய மூடிக்கினு போயி டிராக்டர்ல கயிறு இருக்குது, எடுத்தா."

பையைக் கல்லோடு கட்டி எறியலாம் என்றேன். சேகர் கேட்கவில்லை. "தவறுனா தண்ணில பூடும் மாமா. ஒரு பம்புதான இருக்குது?" சட்டையைக் கழற்றினான். "நான் எறங்கறேன்."

"வேணாம் மாப்ள. நான் போறேன்."

"நீங்க போனா உங்கள இழுக்க ஒரு ஆளு போவணும். ஒதுங்குங்க."

களை எடுக்கப் போய்விட்டு வீட்டுக்குத் திரும்ப முடியாமல் நின்ற ஒரு அம்மா, தன் டிபன் பாக்ஸைத் திறந்து மிச்சச் சோற்றைக் கரையில் கொட்டினார். "தம்பி, இதுல போட்டு கிளிப்ப மாட்டு. நனையாது." பம்பையும் மாத்திரை அட்டையையும் அதில் வைத்து மூடி, துண்டில் முடிந்து, சேகர் கழுத்தில் கட்டினேன். முடிச்சுப் போடும்போது அவன் காது என் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். உன் அக்கா மறக்கவில்லை, நான்தான் எடுத்தேன் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். "முடிச்சு எறுக்கமா இருக்குதா?" என்று கேட்டேன்.

இடுப்பில் கயிறு கட்டி அவன் இறங்கினான். கரையில் ஆறு பேர் பிடித்தோம், நான் முன்னால். ஓரக் கற்களை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் போனான். தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது, தொடைக்கு ஏறியது. நடுவில் ஒரு கல் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அவன் கை காற்றைத் துழாவியது. உடனே ஆள் சாய்ந்தான். கயிறு என் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. பின்னால் யாரோ கத்தினார்கள். "வுடாதீங்க! வுடாதீங்க! இழுக்காதீங்க, நில்லுங்க!" தண்ணீருக்கு மேலே அவன் தலை மட்டும் இருந்தது. அந்தக் கரையில் பாபு இடுப்புவரை இறங்கிக் கையை நீட்டினான்.

நான் சேகரைப் பார்க்கவா, உன்னைப் பார்க்கவா என்று தெரியாமல் நின்றேன். உன் தோள்கள் ஏறி இறங்குவது குறைந்திருந்தது. குறைவது நல்லதில்லை என்று டாக்டர் ஒருமுறை நம்மிடம் சொல்லியிருந்தார்.

சேகர் பாலத்தின் விளிம்பில் ஒரு காலை ஊன்றி எழுந்தான். இரண்டு கல், மூன்று கல். பாபு அவன் கையைப் பிடித்து இழுத்தான். கழுத்துத் துண்டை அவிழ்க்க முடியாமல் பாபுவே பல்லால் கடித்து அவிழ்த்தான். நீ பம்பை வாயில் வைத்தாய். ஒன்று. இடைவெளி. இரண்டு. கொஞ்ச நேரம் கழித்து மூன்று. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒன்பதாவது நிமிடத்தில் நீ சீட்டில் பின்னால் சாய்ந்தாய். பிறகு கையைத் தூக்கி, அங்கேயே இரு என்பதுபோல் என்னைப் பார்த்துக் காட்டினாய்.

"மூச்சு வந்துருச்சு" என்றார் டிபன் பாக்ஸ் கொடுத்த அம்மா. "உக்காருய்யா, உன் கையில ரத்தம் வருது பாரு."

ஆம்புலன்ஸ் ஒன்றரை மணிக்கு வந்தது; உன்னைச் சோதித்து, ஆபத்து தாண்டிவிட்டது என்றார்கள். ஐந்து மணிக்குத் தண்ணீர் வடிந்தது. நான் வந்து சேர்ந்தபோது சேகர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. நீ மஞ்சள் வைத்துத் துணி கட்டிக்கொண்டிருந்தாய்.

"எல்லாத்துக்கும் நம்பர் போட்டியேக்கா. உசுர மட்டும் மறந்துட்டியே."

"மறந்துட்டேன்டா" என்றாய். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

சாமான்கள் மறுநாள்தான் வந்தன. கதை அதற்குள் ஊருக்குப் போய்விட்டது. கல்யாணம், காதுகுத்து என்று எங்கே கூடினாலும் சேகர் வேட்டியைத் தூக்கித் தழும்பைக் காட்டுவான். "எங்கக்காவோட மறதிக்கு நான் குடுத்த வெல" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய். சத்துணவுக் கூடத்தில் சமைக்கிற பெண்கள்கூட, "டீச்சர், இன்னிக்குப் பம்பு ஞாபகமா எடுத்தாந்தீங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதன் பிறகு நீ வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு முறை திரும்பி வந்து பார்ப்பாய். முன்பு ஒரு முறைதான் பார்ப்பாய். அதை நான் கவனித்தேன். கவனித்தும் வாய் திறக்கவில்லை. அடுத்தவர் தவற்றுக்கு மறுநாளே திருத்தம் கேட்டு வாங்கிப் போடுகிறவன் நான்.

போன வருட ஐப்பசியில் ஒரு மத்தியானம், மழையில் மின்சாரம் போய் நாம் இருவரும் இந்தக் கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தபோது, "அந்தப் பை" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்" என்றாய்.

"இன்னா தெரியும்?"

"கண்ணாடி வெச்ச அலமாரிய வெளிய எடுத்து வெச்சிருந்தோமே. கொடத்த தூக்கிக்கினு திரும்பறேன், கண்ணாடில நீங்க பையத் தூக்கறீங்க."

"பின்ன ஏன் சும்மா இருந்த?"

"எனக்கும் அது முன்னாடி போவறது புடிக்கல. போன எடமெல்லாம் அந்தப் பைதான் முன்னாடி போவுது. இந்த வூடாவது மொதல்ல என்னப் பாக்கட்டும், அப்புறம் சீக்கப் பாக்கட்டும்னு இருந்துச்சு." கொஞ்சம் பொறுத்து, "நாள் கெழம பாக்காத மனுசன் திருட்டுத்தனமா பையத் தூக்கறதப் பாக்க சிரிப்பாவும் இருந்துச்சு."

"ஓட வரும்னு நீதான சொன்ன?"

"சொன்னேன். சொல்லிட்டு வாய மூடிக்கினு ஏறுனேன். ரெண்டு பேருந்தான் பண்ணோம், வுடுங்க. பேப்பர்ல கீப்பர்ல போட்ராதீங்க."

மூன்று மாதம் கழித்து, தையில், நீ போனாய். இழுப்பு இல்லை, இதயம். எல்லாம் அரை மணி நேரம்.

உன் பதினாறாம் நாள் காரியத்தில் இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். சேகர் அழுதுகொண்டே பக்கத்தில் இருந்தவர்களிடம் உன்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். "எங்கக்கா ஒரு குண்டூசிகூட எடம் மாத்தி வெக்காது. வாழ்க்கைல ஒரே ஒரு நாள்தான் மறந்துது."

"மறக்கல சேகர்" என்றேன். "பைய மொத லோடுலதான் வெச்சா. நான்தான் எடுத்து ரெண்டாவதுல வெச்சேன்."

இலைகளுக்கு மேல் கைகள் நின்றன.

"எதுக்கு மாமா?"

"மருந்து மொதல்ல வூட்டுக்குள்ள போவக் கூடாதுன்னு."

அவன் இலையைத் தள்ளிவைத்தான். "என் கழுத்துல முடிச்சுப் போட்டீங்களே. அப்பகூட சொல்லத் தோணலியா?"

பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிக்கொண்டு போனவன், அதன் பிறகு இந்த வீட்டுக்கு வரவில்லை. போன் செய்தால் அவன் மனைவிதான் எடுக்கிறாள். வயலுக்குப் போயிருக்கிறார் என்கிறாள். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் வயலுக்குத்தான் போயிருக்கிறான்.

பாபுவைப் போன வாரம் பார்த்தேன். சேகர் இப்போதும் தழும்பைக் காட்டிக் கதை சொல்கிறானாம். அக்கா மறக்கல, எங்க மாமாதான் எடுத்து வெச்சாரு என்று சொல்கிறானாம். சொல்லி முடித்து என்னை இரண்டு வசவு வைக்கிறானாம். வைக்கட்டும். உன் பெயரில் இருந்த பிழை நீங்கிவிட்டது.

கண்ணாடியில் நீ பார்த்துக்கொண்டிருந்தாய் என்பதை மட்டும் நான் அவனிடம் சொல்லவில்லை. பாதிச் செய்தி சொல்வது என் தொழிலில் தப்பு. ஆனால் இந்தப் பாதியை யாருக்கும் கொடுப்பதாக இல்லை.